ஒரு வண்டி நீளம்

அந்தத் தெருவில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நகராட்சிக்காகச் சாலையில் கோடு போடுவது அவர் வேலை. நடுவில் ஓடும் வெள்ளைக் கோடு, வண்டி நிறுத்தக் கூடாது என்று ஓரத்தில் போடும் மஞ்சள் கோடு, பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் கடந்து போகும் பட்டைக் கோடு, எல்லாம் அவர் கை பட்டவைதான். இருபத்தாறு வருஷம் முட்டி போட்டு முட்டி போட்டு, அவர் கால்சட்டையில் முழங்கால் வரும் இடம் மட்டும் என்றைக்கும் மஞ்சளாகவே இருக்கும்.

"சாமி முன்னாடி முட்டி போட்டதைவிட இவர் ரோட்டு முன்னாடி முட்டி போட்டதுதான் ஜாஸ்தி," என்பாள் அவர் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதான். மனசு கோணலா இருந்தா ரெண்டு இடத்துலயும் தெரிஞ்சுபோயிடும்," என்பார் அவர்.

பெரிய சாலை என்றால் நாலு ஆட்களோடு போவார். தெருமுனை, சந்து மாதிரி சின்ன வேலைக்குத் தன் வேனில் தனியாகவே போய்விடுவார். டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் இருக்காது. அதற்கென்று வேனில் ஒரு செங்கல் வைத்திருந்தார். நுனியைச் செங்கலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு போய், சாக்பீஸால் குறி வைப்பார். பிறகு கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டுவிட்டுத்தான் பெயிண்டை உருக்குகிற அடுப்பைப் பற்றவைப்பார். விரல் அகலம் பிசகினாலும் அவருக்கு மனம் கேட்காது. சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார்.

அப்படிப்பட்டவர் அளவு குறைத்துப் போட்ட கோடு ஒன்றே ஒன்று உண்டு. அது அவர் குடியிருந்த தெருவிலேயே இருந்தது.

அது ஒரு முட்டுத்தெரு. உள்ளே போகிற வண்டி அதே வழியில்தான் வெளியே வர வேண்டும். முனையில் பேக்கரிக்காரர் வீடு, அதை ஒட்டிக் கோட்டுக்காரர் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். தெருமுனையிலிருந்து பத்து மீட்டருக்கு வண்டி நிறுத்தக் கூடாது என்று நகராட்சியில் விதி. அந்தப் பத்து மீட்டர் போட்டால் பேக்கரிக்காரர் வீட்டு வாசல் முழுக்க மஞ்சள் கோட்டுக்குள் போய்விடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், கோட்டுக்காரர் முனையில் செங்கலை வைத்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தபோது, பேக்கரிக்காரர் மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"அண்ணே, அப்ப எங்க வீட்டு வாசல்ல எங்க வண்டியையே விட முடியாதா?"

"விதி அப்படித்தாம்மா இருக்கு."

"அப்ப வண்டியை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடறோம். படி கொஞ்சம் குறுகல்தான். நீங்களும் ஒரு கை பிடிச்சுக் கொடுங்கண்ணே."

கோட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த பிளானைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். முட்டுத்தெருவில் எத்தனை வண்டி வந்து திரும்பிவிடப் போகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஐந்தாவது மீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, "பிளான்ல தண்ணி கொட்டிடுச்சு தங்கச்சி. இதுக்கு மேல எழுத்து தெரியல," என்றார்.

அன்றிலிருந்து அவள் அவருக்குத் தங்கச்சி. அவளுக்கு அவர் அண்ணன்.

கோடு தேயத் தேய, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு வரும். ஒவ்வொரு தரமும் பத்து மீட்டர் என்றுதான் தாளில் இருக்கும். ஒவ்வொரு தரமும் அவர் ஐந்திலேயே நிறுத்திவிடுவார். யாரும் வந்து அளந்து பார்க்கவில்லை. அபராதம் போடுகிற அதிகாரிக்குப் பிளான் தெரியாது. தரையில் இருக்கிற பெயிண்ட்தான் தெரியும். குறைத்துப் போடுவது அவர் மனைவிக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும், மேலே இருப்பவனுக்குத் தெரியும். பேக்கரிக்காரருக்கு அந்த நினைப்பே கிடையாது. விடியுமுன்னே மூன்று மணிக்கு வேலைக்குப் போய், ஏழரைக்கு வந்து, ஜன்னலுக்குத் தடித்த திரையைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிற மனுஷன். வாசலில் இடம் இருக்கிறது, வண்டியை விடுகிறோம், அவ்வளவுதான் அவருக்கு.

தங்கச்சிக்குச் சிறுநீரகம் கெட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். வாரத்தில் மூன்று நாள், செவ்வாய் வியாழன் சனி, எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். நேரம் தவறினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். பேக்கரிக்காரர் ஏழரைக்கு வந்து, முகம் கழுவி, மாவு படிந்த சட்டையை மாற்றிக்கொண்டு அவளைக் கூட்டிப் போவார். படியில் ஒவ்வொரு அடியாக இறங்கி வர அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். வாசல் கதவுக்கும் காருக்கும் நாலே எட்டு. அந்த நாலு எட்டை அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கடப்பாள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு போர்வையும் சின்னத் தலையணையும். ஆஸ்பத்திரித் தலையணை கல் மாதிரி இருக்குமாம்.

"என்ன தங்கச்சி, கிளம்பியாச்சா?" என்பார் கோட்டுக்காரர், வேனில் சாமான் ஏற்றிக்கொண்டே.

"ஆமாண்ணே, மிஷினுக்கு என்னைப் பார்க்காம இருப்புக் கொள்ளலயாம்," என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்தது அந்தச் சனிக்கிழமை.

கோட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு மாசம். மாப்பிள்ளை புதுக் கார் வாங்கி முதல் தடவையாக அதில் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஆறரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். தெருவில் ஊசி நுழைய இடமில்லை. கோட்டுக்காரர் வாசலில் அவர் வேன் நின்றது. பேக்கரிக்காரர் வாசல் மட்டும்தான் காலி. மாப்பிள்ளை தயங்கினார்.

"இங்க விடலாமா மாமா? யாராவது ஏதாவது சொல்லப் போறாங்க."

"தாராளமா விடுங்க மாப்பிள்ளை. அந்த இடமே நான் போட்ட கோட்டுல உண்டான இடம். யாரு கேக்கறது?" என்றார் கோட்டுக்காரர். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. புது மாப்பிள்ளை முன்னால் எந்த மாமனாருக்கும் வருகிற நிமிர்வுதான். சனிக்கிழமை என்பது அவர் நினைவில் இல்லை.

ஏழரைக்குப் பேக்கரிக்காரர் வந்தார். தன் இடத்தில் பளபளவென்று ஒரு கார். ஹாரன் அடித்தார். மேலே மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார், சாவி அவர் பையில். மகள் சாவியைத் தேடி, மாப்பிள்ளை ஈரத்தலையோடு இறங்கி வர இருபது நிமிஷம் ஓடிவிட்டது. தங்கச்சி வாசற்படியில் பையோடு உட்கார்ந்துவிட்டாள். பேக்கரிக்காரர் மூன்று மணியிலிருந்து அடுப்புக்கு முன்னால் நின்றவர். கண் ரெண்டும் ரத்தச் சிவப்பு.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாதா இன்னிக்கு என்ன கிழமைன்னு?"

"தெரியாமப் போச்சு தம்பி. இதோ எடுக்கறாரு. அதுக்கு ஏன் தெருவே கேக்கற மாதிரி கத்தறீங்க?"

"கத்தாம? ரோட்டுல கோடு போடறவருக்கு ரோடே சொந்தம்னு நினைப்பா? பெயிண்ட் டப்பா தூக்கற வேலைக்கு இவ்வளவு மிதப்பா?"

மாப்பிள்ளை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மகளும்தான். கோட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"வாங்களேன், நேரமாச்சு," என்று தங்கச்சி கணவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காரில் ஏறும்போது கோட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, தூக்கக் கலக்கத்துல பேசறாரு, மனசுல வெச்சுக்காதீங்க என்பது போலத் தலையை ஆட்டினாள். அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை காரை எடுத்து எதிர்ப்பக்கம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடுக்கில் விட்டார். பத்து மணிக்குப் பார்த்தால் முன் கண்ணாடியில் அபராதச் சீட்டு. தெருவாசிகளுக்கென்று நகராட்சி கொடுக்கும் ஸ்டிக்கர் அந்தக் காரில் இல்லை. சனிக்கிழமையில் அந்த முட்டுத்தெருவுக்குள் அதிகாரி வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. யாரோ போன் பண்ணித்தான் வந்திருக்கிறார் என்று தெருவே சொன்னது. யார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மாப்பிள்ளை சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல மாமா," என்றார். சாயங்காலம் வரை இருப்பதாகச் சொன்னவர் மத்தியானமே கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் மகள் போன் பண்ணும்போதெல்லாம், "அவருக்கு அங்க வரக் கொஞ்சம் கூச்சமா இருக்குப்பா. நீங்களே இங்க வாங்களேன்," என்றாள். கோட்டுக்காரர் சரி சரி என்று போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரரின் குறட்டை கேட்கும்.

மூன்று வாரம் கழித்து முனைக் கோட்டைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம். தெருவில் யாரும் இல்லை. செங்கலை வைத்து டேப்பை இழுத்தார். ஐந்து மீட்டரில் வழக்கம்போல அவர் கால் தானாகவே நின்றது. நின்று யோசித்தார். பெயிண்ட் டப்பா தூக்கற வேலை. சரி, அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும். தாளில் பத்து என்று இருக்கிறது. பத்து போடுகிறவனை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது. பத்தில் குறி வைத்தார். நூல் பிடித்த மாதிரி போட்டார். அன்றைக்குப் போட்ட கோட்டில் ஒரு பிசகும் இல்லை.

வேலை தொடங்குமுன் கும்பிட மறந்தது டப்பாவை மூடும்போதுதான் நினைவுக்கு வந்தது. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். 

சாயங்காலம் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, கோடு அவங்க வாசலைத் தாண்டிப் போகுதே?"

"பிளான்ல இருக்கு."

"பிளான் பதினோரு வருஷமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.  அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை. அவரும் கேட்கவில்லை.

பேக்கரிக்காரர் வந்து கேட்பார், நன்றாகச் சண்டை போடலாம் என்று கோட்டுக்காரர் எதிர்பார்த்தார். நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தார். அவர் வரவே இல்லை. பேசாமல் அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே காரை விட்டார். வேறு எங்கே விடுவார்? தெருக்கோடியில் விட்டால் தங்கச்சியால் நடக்க முடியாது. முதல் அபராதம் வந்தது, இரண்டாவது வந்தது. பேக்கரிக்காரர் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் அங்கேயே விட்டார்.

மூன்றாவது தடவை சீட்டு வரவில்லை. கிரேன் வண்டி வந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஏழே முக்கால். பேக்கரிக்காரர் காரை நிறுத்திவிட்டுத் தங்கச்சியைக் கூட்டி வர மாடிக்குப் போயிருந்தார். அவள் பத்து நிமிஷம் படி இறங்குவதற்குள், காரின் முன் சக்கரத்தைத் தூக்கி மாட்டிக்கொண்டு கிரேன் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. கோட்டுக்காரர் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கதவு திறந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி வெளியே வந்தாள். கார் இருந்த இடத்தில் மஞ்சள் கோடு பளிச்சென்று கிடந்தது. அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். கோட்டுக்காரர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பேக்கரிக்காரர் யார் யாருக்கோ போன் பண்ணினார். வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை.

"உங்க வேன் இருக்கே! போங்களேன்!" என்றாள் மனைவி.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வேனின் முன் இருக்கையில் பெயிண்ட் தூரிகைகள், நூல்கண்டு, எழுத்து வெட்டிய தகடுகள், அந்தச் செங்கல். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் அடுக்கினார். இருக்கையைத் துணியால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஒரு இருக்கையைக் காலி பண்ண மூன்று நிமிஷம் போதும். அவருக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் நிமிர்ந்தபோது எங்கிருந்தோ ஒரு வாடகைக் கார் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

படுக்கை கைவிட்டுப் போயிருந்தது. மறுநாள் சாயங்காலம்தான் வேறு படுக்கை கிடைத்தது. அதற்குள் தங்கச்சிக்கு முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டார்கள்.

அந்த ஐந்து நாளும் கோட்டுக்காரர் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வாயில் வேண்டுதல் வரவில்லை. அவளைக் காப்பாற்று என்று சொல்ல ஆரம்பித்தால், யார்கிட்டேயிருந்து என்று யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. ஆறாம் நாள் நேராக மேற்பார்வையாளரிடம் போனார்.

"எங்க தெருமுனைக் கோட்டை அஞ்சு மீட்டராக் குறைக்க வழி உண்டுங்களா?"

"ஜங்ஷன்ல அடிச்ச கோட்டைக் குறைக்கவா? என்னய்யா, இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படிக் கேக்கற?"

கோட்டுக்காரர் மென்று விழுங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோயைச் சொன்னார். மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

"சக்கர நாற்காலி படம் போட்ட கட்டத்துக்கு எழுதிப் போடச் சொல்லு. அட்டை வெச்சிருக்கற நோயாளி வண்டி மட்டும்தான் அதுல நிக்கலாம். ஆனா முனையில தர மாட்டாங்க. அதுக்கு அடுத்த வீட்டு வாசல்லதான் கிடைக்கும். அந்த வீட்டுக்காரன் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். எவன் போடுவான்?"

"போடுவாருங்க," என்றார் கோட்டுக்காரர்.

அங்கேயே அந்த மேஜை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து தாளை மனைவியிடம் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். தானே போகத்தான் நினைத்தார். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஆறடிதான். கால் வரவில்லை.

மனைவி திரும்பி வந்து சொன்னாள்: "கையெழுத்துப் போட்டுட்டா. விரல் எல்லாம் வீங்கியிருக்கு, பேனாவைப் பிடிக்க முடியல. நீங்க சம்மதம் எழுதியிருக்கறதைப் பார்த்துட்டு, 'அண்ணன் வேனை எங்க விடுவாரு'ன்னு கேக்கறா. உங்களை ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகச் சொன்னா."

"போறேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

நடந்ததைத் தன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கப்புறம் திட்டினாலும் காறித் துப்பினாலும் சரி என்று அவருக்கு இருந்தது. வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் பேக்கரிக்காரர் விழித்திருக்கும்போது போக முடியாது. தூங்கும்போது போனால் பேச்சுக்குரல் கேட்டு எழுந்துவிடுவார். டயாலிசிஸ் நாளில் அவள் அசந்து கிடப்பாள். இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. விண்ணப்பம் நகராட்சியில் எந்த மேஜையிலோ கிடந்தது. தங்கச்சி இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி நடைபாதையில் காத்திருந்தாள். பேக்கரிக்காரர் இரண்டு தெரு தள்ளி விட்ட காரை எடுத்து வந்து, நடுத்தெருவில் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். அவள் கை கூப்பி அவர்களிடம் மன்னிப்புக் கேட்பாள். கோட்டுக்காரர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லாத மாதிரி வேலையை முன்கூட்டியே தொடங்கிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் கத்தினார். அப்புறம் சத்தமே இல்லை.

இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னார். இந்த வியாதியில் எப்போது வேண்டுமானாலும் அப்படி ஆகும், இதுதான் காரணம் என்று ஒன்றைக் கை காட்ட முடியாது என்றும் சொன்னார். டாக்டர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். கோட்டுக்காரர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களின் வண்டிகளால் தெரு நிறைந்துவிட்டது. கோட்டுக்காரர் தன் வேனை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, முனையில் நின்று ஒவ்வொரு வண்டிக்கும் கை காட்டினார். மஞ்சள் கோட்டின் மேலேயே நிறுத்தச் சொன்னார். அபராத அதிகாரி சீட்டு அடிக்கிற மிஷினோடு வந்தார். கோட்டுக்காரர் அவர் எதிரில் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சார்."

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார், கூப்பிய கையைப் பார்த்தார். மிஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு தடவை கை கூப்பினால் போதும் என்று முன்பே தெரிந்திருந்தால் என்று நினைத்தார். தெரிந்துதான் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து மேற்பார்வையாளர் ஒரு வேலைச்சீட்டை நீட்டினார்.

"உன் தெருதான்யா. வீட்டுல காபி குடிச்சுக்கிட்டே போட்டுட்டு வந்துடலாம்."

கோட்டுக்காரர் வீட்டு வாசலில் சக்கர நாற்காலிக் கட்டம் ஒன்று. விண்ணப்பித்தவர் பெயர் என்ற இடத்தில் தங்கச்சியின் பேர்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்குத்தான் அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். பேக்கரிக்காரர் திறந்தார். முழங்கைவரை பேக்கரித் தட்டுகளின் சூடு பட்ட பழைய தழும்புகள். அறையில் திரை போட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தத் துணிப்பை மாட்டியிருந்தது, தலையணை பிதுங்கியபடி.

"உக்காருங்க."

"இது வந்திருக்கு தம்பி."

பேக்கரிக்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "இப்பவா?" என்றார். மடித்து மேஜை மேல் வைத்தார்.

"நான் அதுக்காக மட்டும் வரல. முனைக் கோட்டை நீட்டிப் போட்டது நான்தான்."

"தெரியுமே. மேலேருந்து உங்களுக்கு ரெண்டு தடவை நோட்டீஸ் வந்துச்சாமே. அவதான் சொன்னா. 'அண்ணன் பாவம், வேற வழியில்லாம போட்டாரு. நீங்க போய் ஒண்ணும் கேட்டு வெக்காதீங்க, அவர் வேலைக்கு ஆபத்து'ன்னா. இல்லாட்டி நான் சும்மா இருந்திருப்பேனா?"

 கோட்டுக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எந்த நோட்டீஸும் வரல தம்பி. அவளா சொன்னது அது. விதிப்படி பத்து மீட்டர். பதினோரு வருஷமா நான்தான் அஞ்சோட நிறுத்திட்டு வந்தேன். அது அவளுக்குத் தெரியும். நீட்டினதும் யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். கோபத்துல போட்டேன். மாப்பிள்ளை வண்டிக்கு நீங்க போன் பண்ணி அபராதம் போட வெச்சீங்கன்னு..."

"நானா?" பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். "அன்னிக்கு ரெண்டு மணிவரைக்கும் அவ படுக்கைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். அங்க உள்ள போனதும் போனை அணைக்கச் சொல்லுவாங்க. நான் யாருக்கும் பண்ணல."

 பேக்கரிக்காரர் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர் சும்மா ஓடியது. முதுகைக் காட்டியபடியே, "எனக்குத் தூங்கணும். நீங்க போங்க," என்றார்.

கோட்டுக்காரர் எழுந்தார். மன்னிச்சுடுங்க என்று சொல்ல வந்து, அந்த வார்த்தை அவ்வளவு சின்னதாக இருந்ததால் சொல்லாமல் வெளியே வந்தார்.

மறுநாள் காலை எட்டு மணி. ஆள் இறந்துவிட்டார், வேலை தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். சீட்டு பேக்கரிக்காரர் மேஜையிலேயே தங்கிவிட்டது. சரி, கேட்டு வாங்கி வரலாம் என்று வாசலுக்கு வந்தபோது பேக்கரிக்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார். மாவு படிந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் அந்தச் சீட்டு.

"வேற நோயாளி யாராவது இந்தத் தெருவுக்கு வந்தாலும் அந்தக் கட்டத்துல விடலாமா?"

"அட்டை இருந்தா யாரு வேணா விடலாம்."

"அப்ப போடுங்க. அவ வீங்கின கையோட கையெழுத்துப் போட்டுக் கேட்டது."

கோட்டுக்காரர் வாசலில் நின்ற வேனை நடுத்தெருவுக்கு நகர்த்திவிட்டு, அதிலிருந்து டேப்பை எடுத்தார். செங்கலை எடுக்கக் குனிந்தவர், டேப்பின் நுனி கையிலிருந்து நகருவதை உணர்ந்து திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் நுனியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் முடிகிற இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். கோட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு?"

"ஆறு மீட்டர் அறுபது."

"குறைக்காதீங்க."

கோட்டுக்காரர் டேப்பை இழுத்துக்கொண்டு போய்க் குறி வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். இந்தத் தடவை மறக்கவில்லை. முட்டி போட்டு நாலு பக்கமும் கட்டம் போட்டார். நடுவில் படம் வெட்டிய தகட்டை வைத்துச் சக்கர நாற்காலியைப் போட்டார். வெள்ளைப் பெயிண்டில் ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு குழி விழுந்தது. அது கண்ணிலிருந்து விழுந்ததா, நெற்றி வேர்வையா, அவருக்கே தெரியாது. வழக்கமாக என்றால் சுரண்டி எடுத்துத் திரும்பப் போடுவார். அன்றைக்கு விட்டுவிட்டார்.

"எவ்வளவு நேரத்துல காயும்?"

"இருபது நிமிஷம்."

யாரும் மிதித்துவிடாமல் இருக்க அந்த இருபது நிமிஷமும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.  பெயிண்ட் காய்ந்ததும் பேக்கரிக்காரர் உள்ளே போனார். மேல் ஜன்னலில் தடித்த திரையை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

கோட்டுக்காரர் தன் வாசலில் இருந்த அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேனை எடுத்துக்கொண்டு, விடுவதற்கு இடம் தேடிப் போனார்.